விரிசல் விட்ட மிளகுத்தலை

குடையும் பிட் வெண்ணெயில் இறங்குவதுபோல இரும்பில் இறங்கியபோதுதான் தேசப்பனுக்குச் சந்தேகம் தட்டியது.

இரண்டு நிமிடம் அவன் அந்தச் சுகத்தில் மயங்கியே இருந்தான். வாடிக்கைக்காரன் துளசிராமன் ஓட்டும் மோட்டார்பைக் இன்னும் இரண்டு வாரத்தில் சோழவரம் ரேஸில் ஓட வேண்டும். அதன் சிலிண்டரைக் கழற்றி வைஸில் கவ்வ வைத்து, உள்ளே காற்றும் பெட்ரோலும் போய்வரும் வழிகளை அகலப்படுத்திக்கொண்டிருந்தான். புகை வெளியேறும் பெரிய வழிக்குப் பேரிக்காய் வடிவ பிட் போதும். அலுமினியம் என்றால் பல் அகலமான பிட்டில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துக்கொள்வான், ஒட்டாது. இரும்பு என்றால் சாணைக்கல். ஆனால் பக்கவாட்டில் வளைந்து மேலே ஏறும் குறுகலான வழி இருக்கிறதே, அதற்குள் இவை எதுவும் நுழையாது. அதற்குப் பல் டாக்டர் அருணாச்சலம் கழித்துக் கட்டும் பிட்டுகள்தான்.

தேரடித் தெருவில் கிளினிக் வைத்திருந்த அருணாச்சலத்தின் ஸ்கூட்டரை தேசப்பன்தான் பார்த்துக்கொள்வான். மாதாமாதம் டாக்டர் தேய்ந்த பிட்டுகளை ஒரு சப்பும் மாத்திரை டப்பாவில் போட்டுக் கொடுத்துவிடுவார். மழுங்கிய பிட்டுகள். இரும்பில் முனகிக்கொண்டேதான் நகரும்.

இது முனகவில்லை.

மோட்டாரை நிறுத்தினான், பிட் சிலிண்டருக்குள்ளேயே நின்றது. டப்பாவைக் கவிழ்த்தான். ஐந்து பிட்டுகள் மேசையில் உருண்டன. பல் ஒவ்வொன்றும் கூராக, புதிதாக இருந்தது. டப்பாவை முகர்ந்தான். கிராம்புத் தைலம். அவன் டப்பா என்றால் பெட்ரோல் வாசனை அடிக்கும்.

நேற்று ஸ்கூட்டரை எடுக்க வந்த டாக்டர், மதராஸிலிருந்து வந்த புது பிட்டுகளை இதே மேசையில் வைத்துவிட்டுத்தான் வண்டியை ஓட்டிப் பார்த்தார். கிளம்பும்போது, "டாக்டரே, உங்க டப்பா" என்று எடுத்துக் கொடுத்தது தேசப்பன். அதே பச்சை டப்பா. அதே மூடி. இவனுடைய பழைய பிட்டுகளைப் பார்த்தால் பழையது என்று யாரும் சொல்லமாட்டார்கள். வேலை முடிந்ததும் பெட்ரோலில் ஊறவைத்து, பித்தளை பிரஷ் போட்டுத் தேய்த்து, மினுக்கி வைப்பது அவன் பழக்கம். அதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அந்தப் பழைய டப்பாவில் ஒரு மிளகுத்தலை இருந்தது. மிளகளவு உருண்டைத் தலை, நீண்ட கழுத்து. வளைவுக்குள் எட்டுவது அது ஒன்றுதான். போன வாரம் இரும்புப் பட்டையின்மேல் போட்டுப் பார்த்தான். நல்ல பிட் 'கிண்' என்று பேசும். இது 'சத்' என்று விழுந்தது. கழுத்தில் விரிசல். தூக்கிப் போட்டிருக்க வேண்டும். இன்னும் ஒரு சிலிண்டருக்குத் தாங்கும் என்று வைத்துக்கொண்டான்.

அவன் மனைவி கனகாம்பாள் காலையில் நாஷ்டாகூடத் தின்னாமல், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அருணாச்சலத்திடம்தான் பல்லை அடைக்கப் போயிருந்தாள். மூன்று மாதமாக வலி. "இன்னிக்கி நீ போய்த்தான் ஆவணும்" என்று விரட்டி அனுப்பியவனும் அவன்தான்.

மேசையில் கிடந்த ஐந்தையும் டப்பாவில் அள்ளிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சைக்கிளில் ஏறினான். கடையைப் பூட்டவில்லை. ரயில்வே கேட் மூடியிருந்தது. சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு தண்டவாளத்தைத் தாண்டினான். கேட்காரர் கத்தியது காதில் விழவில்லை. உடைந்த பிட் என்ன செய்யும் என்பது அவனுக்குத் தெரியும். ஒருமுறை இவன் கையில் உடைந்த தலை ஒன்று பறந்துபோய்ச் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைத் துளைத்து ஆணிபோல நின்றது. தொண்டைக்கும் பல்லுக்கும் எவ்வளவு தூரம்?

கிளினிக் வாசலிலேயே சத்தம் கேட்டது. டாக்டர் காலால் மிதிக்கும் மெஷின். கயிறு சுழலும் கிறீச்சொலி. அதற்கு அடியில், பல்லில் உராயும் ஒலி.

திரையை விலக்கினான். நாற்காலியில் கனகாம்பாள் சாய்ந்திருந்தாள். வாய் அகலத் திறந்திருந்தது. அருணாச்சலம் குனிந்து, முழங்கையை உயர்த்தி அழுத்திக்கொண்டிருந்தார். பிட் மழுங்கல். அதனால்தான் அழுத்துகிறார். அவர் விரல்களுக்கிடையே நீண்ட கழுத்து பளபளத்தது.

மிளகுத்தலை.

கத்த வாயெடுத்தான். கத்தவில்லை. சுழலும்போது பிட் உடையாது. சிக்கி நிற்கும்போதுதான் உடையும். சிலிண்டரில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறான். இவன் கத்தினால் டாக்டர் திடுக்கிடுவார், கை ஆடும், கால் நிற்கும். அந்த நொடியில் கழுத்து போய்விடும்.

திரையைப் பிடித்தபடியே நின்றான். கனகாம்பாளின் கண் அவனைப் பார்த்து, இங்கே இன்னா வேலை என்பதுபோலச் சுருங்கியது. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஒலி ஒருமுறை தடித்தது. மறுபடி மெலிந்தது.

"டாக்டரே," என்றான், கோயிலில் பேசுவதுபோல. "நான் தேசப்பன். திரும்பாதீங்க. கால நிறுத்தாதீங்க. மிதிச்சிக்கினே கையத் தளத்துங்க. சுத்தச் சுத்த அப்பிடியே வெளிய எடுத்துருங்க."

அருணாச்சலத்தின் முதுகு விறைத்தது. ஆனால் கால் மிதித்துக்கொண்டே இருந்தது. கை மெதுவாக மேலே வந்தது. பிட் வாயைவிட்டு வெளியே வந்தபின்னும் காற்றில் சுழன்றுகொண்டிருந்தது. பிறகுதான் கால் நின்றது.

"என்னப்பா இது? நேரங்காலம் இல்லாம..."

தேசப்பன் பிட்டைக் கழற்றி வாங்கினான். மருந்து குழைக்கும் கண்ணாடிப் பலகையின்மேல் ஒரு சாண் உயரத்திலிருந்து போட்டான்.

'சத்.'

தலை தனியாகக் கழன்று உருண்டது. பலகையின் விளிம்புவரை போய் நின்றது.

அருணாச்சலம் அதையே பார்த்தார். கையைத் துடைக்கப் போனவர் துணியைக் கீழே விட்டார். அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "கொதிக்க வெச்சேனே," என்றார். "கொதிக்க வெச்சுத்தானே எடுத்தேன். புதுசுன்னுல்ல நெனச்சேன்..."

"என் டப்பா அது. நான்தான் மாத்திக் குடுத்துட்டேன்."

கனகாம்பாள் வாயிலிருந்த பஞ்சைத் துப்பினாள். எழுந்து வந்து, அந்த மிளகளவு உருண்டையை விரல்நுனியில் ஒட்டியெடுத்துப் பார்த்தாள்.

"இத்தயாயா என் வாயில உட்டீங்க?"

பிறகு தேசப்பன் பக்கம் திரும்பினாள்.

"உடஞ்சதுன்னு உனுக்குத் தெரியுமா?"

"விரிசல்னு தெரியும்."

"தெரிஞ்சி இன்னாத்துக்கு வெச்சிக்கினு இருந்த?"

"வளைவுக்குள்ள போறது அது ஒண்ணுதான் கனகு. இன்னோரு சிலிண்டருக்குத் தாங்கும்னு..."

"தாங்கலன்னா? துளசிராமன் வண்டிக்குள்ள உடஞ்சி கெடக்கும். அவன் சோழவரத்துல பறப்பான்." அவள் குரல் உயரவில்லை. "நீ கைதட்டிக்கினு நிப்ப."

அதை அவன் நினைத்துப் பார்த்ததே இல்லை. ஒரு வாரமாக அந்த பிட்டை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தவன், ஒருமுறைகூட நினைக்கவில்லை.

பாதி குடைந்த பல்லில் காற்றுப் பட்டு அவள் முகம் கோணியது. போய் மறுபடி நாற்காலியில் சாய்ந்தாள். "பாதியில உட்டுட்டுப் போவ முடியாது. ஆவட்டும்."

தேசப்பன் சட்டைப்பையிலிருந்த டப்பாவைத் திறந்து நீட்டினான். டாக்டர் எண்ணினார். "ஆறு இருக்கணும்."

"ஒண்ணு சிலிண்டர்ல மாட்டிக்கினு கெடக்கு."

டாக்டர் டப்பாவை வாங்கவில்லை. தம் கையை விரித்துக் காட்டினார். "கை நிதானத்துக்கு வரக் கொஞ்ச நேரம் ஆகும் எனக்கு. நீயே நல்லதாப் பாத்துக் குடு. தண்ணி கொதிக்குது, அதுல போட்டு எடுத்துக்கறேன்."

தேசப்பன் ஒரு பிட்டை எடுத்துக் கண்ணாடியில் போட்டான். 'கிண்.' நல்ல ஒலிதான். பதினைந்து வருடமாக அந்த ஒலியை நம்பித்தான் பிட் பொறுக்கியிருக்கிறான். மறுபடி போட்டான். 'கிண்.' அடுத்ததை எடுத்தான். அதுவும் அப்படியே பேசியது. முதலாவதையே திரும்ப எடுத்து, காதைப் பலகைக்கருகே கொண்டுபோய், இன்னொரு தடவை போட்டான்.

"இன்னாயா," என்றாள் கனகாம்பாள், திறந்த வாயோடு. "எத்தினி வாட்டி?"

அவன் மறுபடியும் எடுத்தான்.