சுத்தியலில் ஒட்டிய தோல்

பழைய சாமான் விற்கிறவன் பேச்சை நம்பக் கூடாது. விக்டோரியா ராணி காலத்து மகோகனிக் கடிகாரம், மணி கணீரென்று அடிக்கும் என்று சொல்லி என் தலையில் கட்டினான். வீட்டில் வைத்தால் தலையணையைக் குத்தின சத்தம். நாற்பது வருஷமாக அவனைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

போன வருஷம் என் மனைவிக்குப் பார்வை போயிற்று. கடிகாரம் அடிப்பதை எண்ணித்தான் பொழுதைத் தெரிந்துகொண்டாள். இப்போது காதும் மந்தம். நான் பால் வாங்கப் போனால், போய் எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். முந்தாநாள் அழுதிருந்தாள்.

பக்கத்து வீட்டுப் பெண்ணைத் துணைக்கு வைத்துவிட்டுக் கடிகாரத்தை ரிப்பேர்காரரிடம் தூக்கிக்கொண்டு போனேன். வைத்துவிட்டு நாளைக்கு வாருங்கள் என்றார். விட்டுவிட்டுப் போனால் நல்ல சக்கரம் அவரிடம் தங்கிவிடும், தேய்ந்தது என்னிடம் வரும். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

பின்பக்கம் திறந்தார். மணியோசைக்காகக் கம்பிச் சுருளை அடிக்கிற சுத்தியலின் முகத்தில் கறுத்த தோல் துண்டு ஒட்டியிருந்தது. பார்த்தீர்களா ஏமாற்று வேலையை என்றேன். அவர் உள்ளே இருந்த பித்தளைத் தகட்டில் டார்ச் அடித்தார். செய்தவரும் பிற்பாடு பழுது பார்த்தவர்களும் அதில் ஊசியால் கீறி வைப்பது தொழில் வழக்கமாம். படித்துச் சொன்னார்.

"'என் வீட்டுக்காரிக்குத் தூக்கம் லேசு. அதான் தோல் வச்சேன். திறக்கிறவங்க எடுத்துடாதீங்க.' செஞ்சவரே எழுதியிருக்காருங்க ஐயா."

அந்த இங்கிலீஷ் எழுத்து எனக்குத் தெரியாது. இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன், வார்த்தை மாறுகிறதா என்று பார்க்க. மாறவில்லை. கீழே நாலு பேர் தேதி கீறியிருந்தார்கள். ஒருத்தரும் தோலைத் தொடவில்லை. விற்றவனுக்குத்தான் வீணாகத் திட்டு.

எடுக்கவா என்று கேட்டார். தோல் வைத்தவர் வீட்டு அம்மாவை இனி எந்த மணியும் எழுப்பாது. என் வீட்டில் இருக்கிறவளுக்குக் கேட்டாக வேண்டும்.

"எடு தம்பி. சும்மா எடுக்காத. அவருக்குக் கீழ எழுது, என் வீட்டுக்காரிக்குக் காது மந்தம், அதான் எடுத்தேன்னு."

கீறினார். தோலைக் காகிதத்தில் மடித்துப் பெட்டிக்குள்ளேயே போடச் சொன்னேன். பின்னால் யாருக்காவது வேண்டியிருக்கும்.

வீட்டில் நாலு அடித்தது. அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. அவள் விரல் மடக்கி எண்ணினாள்.

"என்னங்க, உங்க தொண்டையப் புடுங்கி உள்ள வச்சுட்டாங்களா?"

மறுநாள் காலை, எட்டு அடிப்பதற்குள் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் பால் வாங்கப் போனேன். திரும்பும்போது தெருவிலேயே எட்டும் கேட்டது. கதவருகே யாரும் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே சொன்னாள்.

"லேட்டு."