நெட்டையனின் கால்சட்டை

வீட்ஸ்கேயின் நாக்குக்கு அந்த டச்சுக் கிராமமே பயப்படும். அந்த விதவை பக்கத்து வீட்டில் இருந்ததால்தான் மிங்கே தன் வைக்கோல் பரணில் ஒளித்து வைத்திருந்த இருவரைத் தும்மக்கூட விடவில்லை.

ஹார்டோக்கும் அவன் மனைவி ரோஸ்யேயும் ஆம்ஸ்டர்டாமிலிருந்து தப்பி வந்த யூதர்கள். நாட்டைப் பிடித்திருந்த ஜெர்மன்காரன் கண்டால் அவர்களையும் பிடிப்பான், ஒளித்தவர்களையும் இழுத்துப் போவான். ஏரி வழியே கூட்டிப்போகும் படகு என்று வருமோ, தெரியாது.

ஒரு திங்கட்கிழமை, ஊரே துணி உலர்த்தும் நேரம், வீட்ஸ்கே வேலியோரம் வந்து நின்றாள்.

"ஏண்டி மிங்கே, உன் புருஷன் ஒரே வாரத்துல ஒரு முழம் வளந்துட்டானா?"

மிங்கே திரும்பிப் பார்த்தாள். கொடியில் நெட்டையன் ஹார்டோக்கின் கால்சட்டை ஆடிக்கொண்டிருந்தது. அவள் கணவன் யெல்லேயோ குட்டை. வீட்டுக்குள் உலர்த்திப் பார்த்தாள்தான். துணி காயவே இல்லை. ஈரத்தோடு உடுத்தி ஹார்டோக்குக்கு இருமல் வந்ததுதான் மிச்சம்.

"அது... யெல்லேயோட அண்ணன் சட்டை, அக்கா."

"அவனுக்கு ஏதுடி அண்ணன்? ரெண்டாவது, அது சட்டையே இல்ல, கால்சட்டை. பொய் சொல்லவும் ஒரு தெறம வேணும். ஏரிக்கரைமேல சைக்கிள்ல போறானே ஜெர்மன்காரன், அவனுக்கு என்ன கண்ணு பொட்டையா? கழட்டிக் குடு."

பிடுங்கிக்கொண்டு போனாள். போச்சு, எல்லாம் போச்சு என்று மிங்கே வேலிக்கம்பைப் பிடித்துக்கொண்டாள். நிமிர்ந்து பார்த்தபோது, அந்தக் கால்சட்டை வீட்ஸ்கேயின் கொடியில் தொங்கியது.

அன்றிலிருந்து நெட்டையன் துணியெல்லாம் வீட்ஸ்கே கொடியில்தான். வெறும் வாயை மென்ற ஊருக்கு அவல் கிடைத்தது. எல்லாரையும் நாக்கால் கிழித்தவள் ஒருத்தனை வைத்திருக்கிறாளாமே! ஜெர்மன்காரனும் வந்து வீட்டைக் குடைந்தான். ஒரு பூனைதான் கிடைத்தது.

"யாரோட துணி இது?"

"கல்யாணமானவரு. பேரச் சொன்னா அவர் பொண்டாட்டி என்னைக் கொன்னுடுவா."

அவன் சிரித்துக்கொண்டே போய்விட்டான். தேவாலயச் சபை மூப்பர்கள் சிரிக்கவில்லை. யாருடைய துணி என்று அவர்களும் கேட்டார்கள். வாயாடி வீட்ஸ்கே அன்று வாயே திறக்கவில்லை. ஞாயிறன்று அப்பம் பகிரும் திருவிருந்துக்கு வரக்கூடாது என்று தள்ளி வைத்தார்கள். அந்த ஞாயிறு அவள் கடைசி பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். திருவிருந்து மேசையில் அப்பத்துண்டை வாங்கிய மிங்கே கடைசி பெஞ்சுப் பக்கம் திரும்பவே இல்லை. தன்னை நினைத்து அவளுக்கே வெட்கமாக இருந்தது.

சில நாளில், பனிமூட்டமான ஒரு காலையில் படகு வந்தது. ஹார்டோக்கும் ரோஸ்யேயும் அக்கரை போய்ச் சேர்ந்த சேதி கிடைத்ததும் மிங்கே வேலியைச் சுற்றி ஓடினாள்.

"அக்கா, மூப்பர்கிட்ட இப்பவே போய் உண்மையச் சொல்லிடறேன். என்னால தாங்க முடியல."

"சும்மா கெட. அடுத்து ரெண்டு பேர் வர்றாங்கன்னு யெல்லே சொல்லல?"

"உங்க மானம் கப்பலேறுதே அக்கா!"

"ஏறட்டுமே. அவங்க ரெண்டு பேரும் படகேறிட்டாங்கல்ல?"

மிங்கே அழுதுவிட்டாள். வீட்ஸ்கே துணிக்கவ்விக் கூடையை எடுத்து அவள் கையில் திணித்தாள்.

"மூக்கத் தொடச்சுக்கோ. வர்றவன் குட்டையா இருந்தா உன் கொடி. நெட்டையா இருந்தா என் கொடி."