காலி முட்டை

ஈஸ்டர் முட்டையின் இரண்டு பாதிகளையும் ஒட்டுகிற வேலை கங்காவுடையது. கொச்சி மட்டாஞ்சேரியின் பஜார் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில் சஜி நடத்தும் பேக்கரியில் அந்த வேலைக்கு அவளை விட்டால் ஆளில்லை. முழங்கால் உயரத்துக்குச் சர்க்கரையில் வார்த்த ஓடு. ஒரு பாதியில் மிட்டாயும் சாக்லேட்டும் நிரப்பி, விளிம்பில் ஐசிங் தடவி, மறுபாதியை வைத்து அழுத்தி, ஒட்டிய இடம் தெரியாமல் சர்க்கரைப் பூவால் மறைக்க வேண்டும். ஈஸ்டரன்று சாயங்காலம் கடை வாசலில் சஜி அதை மரச்சுத்தியலால் உடைப்பான். தெருப்பிள்ளைகள் எல்லாம் அதற்காகக் காத்துக் கிடக்கும்.

இந்த வருடம் கங்கா அதில் ஒன்றுமே வைக்கவில்லை. மிட்டாய் முழுவதையும் மைதா மூட்டைக்குப் பின்னால் தள்ளிவிட்டு, வெறும் ஓட்டை ஒட்டினாள். பிள்ளைகள் என்ன பாவம் செய்தன என்று மனசு ஒருமுறை கேட்டது. நீ சும்மா இரு என்று அதை அடக்கினாள். அன்றைக்குப் போல அழகாக அவள் ஒருநாளும் பூ வைத்ததில்லை.

போன ஈஸ்டருக்கு, முட்டை உடைத்த பிறகு சஜி பிள்ளைகளுக்கு ஒரு கேள்வி போட்டான். ஈஸ்டருக்கு முயல் முட்டை கொண்டுவரும் என்கிற கதை எந்த நாட்டிலிருந்து வந்தது? கங்காவின் மகள் அஞ்சு, வீட்டில் பேசுவது தமிழ் என்றாலும் பள்ளிக்கூட நூலகத்து மலையாளப் புத்தகங்களை ஒன்று விடாமல் மேய்கிறவள், "ஜெர்மனி!" என்று கத்தினாள். பரிசு இரண்டு வாத்துக்குஞ்சுகள். அவற்றைப் பாவாடையில் ஏந்தி, ஒன்றுக்குப் பெயர்கூட வைத்துவிட்டாள். அப்போதுதான் யாரோ சஜியின் காதில் ஏதோ சொன்னார்கள். அவன் சிரித்துக்கொண்டே வந்து குனிந்து, குஞ்சுகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டான்.

"இது கஸ்டமர்மாருடெ பிள்ளேர்க்கு உள்ளதாணு, மோளே."

குஞ்சுகள், கடையின் வாடிக்கையாளரான பல் டாக்டர் வீட்டு மாளவிகாவுக்குப் போயின. கங்கா கேக் தட்டோடு அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் திட்டியிருந்தால் மறந்திருப்பாள். அந்தச் சிரிப்பைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. அஞ்சு அழவும் இல்லை, அதற்குப் பிறகு அதைப்பற்றிப் பேசவும் இல்லை. குழந்தை மறந்துவிட்டது என்றுதான் கங்கா நினைத்திருந்தாள்.

"இத்தனைக்குப் பெறகும் அந்தாளுக்கு சாயா போட்டுக் குடுக்கறியேடி?" என்று பக்கத்து வீட்டு சுமா கேட்டாள்.

"குடுக்கறேன். ஒரு நாளுக்கு வேண்டித்தான் அங்க நிக்கறேன்."

அந்த நாள் வந்தது. தங்கச் சரிகைக் கரை போட்ட கசவு வேட்டி பளபளக்க சஜி சுத்தியலை ஓங்கினான். ஓடு நொறுங்கியது. பிள்ளைகள் பாய்ந்து, அப்படியே நின்றார்கள். "ஒந்நுமில்லா!" என்றது ஒரு குரல். சஜியின் முகம் வெளுத்தது. கண்ணாடி அலமாரிக்குப் பின்னால் நின்ற கங்காவுக்கு வயிறு குளிர்ந்தது.

சஜி தலையைத் தூக்கினான். இரண்டு கையையும் விரித்தான்.

"கண்டோ! கர்த்தாவின்டெ கல்லறயும் இதுபோலெ காலியாயிருந்நு!"

முதலில் முன்வரிசையில் இருந்த பாதிரியார் கைதட்டினார். தெருவே கைதட்டியது. உயிர்த்தெழுந்த ஏசுவின் காலிக் கல்லறையை முட்டையில் காட்டிவிட்டானே, என்ன ஒரு யோசனை, என்ன ஒரு பக்தி! அலமாரி ஜாடிகளைத் திறந்து பிள்ளைகளுக்கு அள்ளிக் கொடுத்தான் சஜி. கங்காவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒரு வருடம் பொத்திப் பொத்தி வைத்திருந்ததையும் அவன் பிடுங்கிக்கொண்டான்.

கைதட்டல் தலைக்கேறிய சஜி, இந்த வருடத்து வாத்துக்குஞ்சுக் கூடையைத் தூக்கி வைத்துக் கேள்வி கேட்டான். ஈஸ்டருக்கு ஏன் முட்டை? மாளவிகா நகத்தைக் கடித்தாள். யாருக்கும் தெரியவில்லை. அவன் பார்வை கடைசியில் நின்ற அஞ்சுவிடம் வந்தது. இன்றைக்கு அவன் மகா நல்லவன்.

"அஞ்சு பறயூ."

"நோன்புக் காலத்துல முட்டை தின்ன மாட்டாங்க. கோழிக்கு நோன்பு தெரியுமா? அதுபாட்டுக்கு முட்டை போடும். சேர்ந்து கிடந்த முட்டைக்கெல்லாம் நிறம் கொடுத்து, ஈஸ்டருக்குத் தின்னாங்க."

"கேட்டோ! நம்முடெ கங்காவின்டெ மோளு!" சஜி கூடையிலிருந்து ஒரு வாத்துக்குஞ்சை எடுத்து, எல்லோரும் பார்க்க நீட்டினான்.

அஞ்சு இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். தெளிவாக, சிரித்துக்கொண்டே, அவன் குரலிலேயே கேட்டாள்.

"இது கஸ்டமர்மாருடெ பிள்ளேர்க்கு உள்ளதல்லே, அங்கிள்?"

யாரும் கைதட்டவில்லை. பாதிரியார் சஜியின் முகத்தைப் பார்த்தார். மாளவிகாவின் அம்மா தரையைப் பார்த்தாள். கங்கா கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

சஜி நீட்டிய கையை மடக்கவும் முடியாமல், குஞ்சைக் கூடையில் போடவும் முடியாமல் நின்றான். "வாங்கிக்கோ மோளே" என்றான் மெல்ல. அஞ்சு அசையவில்லை. குஞ்சு அவன் உள்ளங்கையில் ஒருமுறை உடம்பைக் குலுக்கி எச்சமிட்டது. அது விரலிடுக்கு வழியாக இறங்கி, வெள்ளை வேட்டியின் கசவுக் கரை வரை வழிந்தது.