கணக்கு வாத்தியாருக்குக் கிடைத்த பட்டம்

கணக்கு வாத்தியாருக்குத் தன் குரல் மேல் அபார நம்பிக்கை. மாடியில் எட்டாம் வகுப்பில் அவர் வாய்ப்பாடு சொன்னால், கீழே ஆறாம் வகுப்பில் பாட்டு டீச்சர் பாட்டை நிறுத்திவிடுவார். அவர் தும்மினால் வாசலில் வாட்ச்மேன் எழுந்து நின்று சல்யூட் அடிப்பான் என்று ஆசிரியர் அறையில் ஒரு பேச்சு உண்டு. அதைக் கேலி என்று அவர் ஒருநாளும் எடுத்துக்கொண்டதில்லை.

ஆகவே, காது கேளாத பிள்ளைகளை இனிமேல் பொதுப் பள்ளியிலேயே மற்றவர்களோடு உட்காரவைத்துப் படிக்கவைக்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு வந்தபோது தலைமை ஆசிரியர் மண்டையைப் போட்டு உடைத்துக்கொள்ளவில்லை. கேட்காத காதுக்குப் பெரிய குரல். வந்த நான்கு பேரையும் கணக்கு வாத்தியார் வகுப்பில் தள்ளிவிட்டார்.

வாத்தியாரும் அசரவில்லை. "என் தொண்டைக்குக் கேட்காத காது இன்னும் பொறக்கல சார்" என்றார்.

அந்த நான்கு பேரில் இரண்டு பேருக்குக் காதில் கருவி மாட்டினால் ஓரளவு கேட்கும். மற்ற இரண்டு பேருக்கு இடி விழுந்தாலும் தரை அதிர்வதுதான் தெரியும். கருவிகள் வராமல் இல்லை. நான்கு ஜோடி வந்து இறங்கின. பிள்ளைகள் தொலைத்துவிட்டால் யார் பதில் சொல்வது என்று தலைமை ஆசிரியர் அவற்றைத் தன் அறைக் கண்ணாடி பீரோவில், பள்ளி ஜெயித்த கோப்பைகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டிவிட்டார். வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார். கருவிகள் மேல் ஒரு தூசு விழவில்லை. அந்த விஷயத்தில் மனிதரைக் குறை சொல்ல முடியாது.

இவர்களுக்கென்று ஒரு சைகை டீச்சரும் உண்டு. பல பள்ளிகளுக்கு பஸ்ஸில் அலைகிறவர் என்பதால் இங்கே வாரத்தில் இரண்டு நாள்தான் வருவார். மாடிப்படிக்குக் கீழே, உடைந்த பெஞ்சுகளுக்கு நடுவில் அவருக்கு இடம் ஒதுக்கியிருந்தார்கள். அவர் ஒருநாள் கணக்கு வாத்தியாரைத் தனியாகக் கூப்பிட்டு, பணிவாகவே விஷயத்தைச் சொன்னார். பிள்ளைகள் உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்கிறார்கள். அதனால் கரும்பலகையைப் பார்த்தபடி பேச வேண்டாம். நடந்துகொண்டே பேச வேண்டாம். அப்புறம், அந்த மீசையைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டால் தேவலை.

மூன்றாவதுதான் வாத்தியாருக்குச் சுருக்கென்று தைத்தது. அது சாதாரண மீசை அல்ல. மேலுதட்டை முழுசாக மூடி, கீழுதட்டுக்கும் நிழல் கொடுக்கிற மீசை.

"பாடம் எப்படி எடுக்கறதுன்னு சொன்னீங்க, கேட்டுக்கிட்டேன். மீசையை எப்படி வெச்சுக்கறதுன்னுமா சொல்லித் தருவீங்க?" என்றார்.

"மீசை அழகாத்தான் இருக்கு சார். ஆனா பாடம் அதுக்குப் பின்னாடியில்ல நடக்குது?"

வாத்தியார் விறுவிறுவென்று மாடி ஏறினார். அன்றைக்கு வழக்கத்தைவிடச் சத்தமாக, வழக்கம்போலக் கரும்பலகைக்கே பாடம் நடத்தினார்.

இந்தச் சமயத்தில்தான் அவர் ஒன்றைக் கவனித்தார். காது கேளாத நான்கு பேரில் உயரமான ஒரு பெண் இருந்தாள். துடுக்கு என்பது அவளுக்கு வகுப்பு வைத்த பெயர். அவர் உள்ளே நுழையும்போதெல்லாம் அவள் வலது கையை இடது தோளுக்கு மேலே வீசி, தன் முதுகில் இரண்டு தட்டுத் தட்டுவாள். கொஞ்ச நாளில் மற்ற மூன்று பேரும் தட்டினார்கள். அப்புறம் காது கேட்கிற பிள்ளைகளும் தட்ட ஆரம்பித்தார்கள். வகுப்புத் தலைவனைப் பிடித்து விசாரித்தார். சைகையில் அது சாருடைய பெயர் என்றான். அர்த்தம் என்னவென்று கேட்டதற்கு அவன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே, நல்ல அர்த்தம்தான் சார் என்றான்.

முதுகில் தட்டினால் வேறு என்ன அர்த்தம்? சபாஷ். அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. எத்தனையோ வருஷம் பாடம் எடுத்தும் காது கேட்கிற ஒரு பயல் தன்னைப் பாராட்டியதில்லை. காது கேட்காத பிள்ளைகளுக்கு அருமை தெரிந்திருக்கிறது. வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் சொல்லித் தட்டியும் காட்டினார். அந்த அம்மாள் தபால் நிலையத்தில் கவுன்டரில் உட்காருகிறவர். தினமும் நூறு பேருடைய புளுகைக் கேட்டுப் பழகியவர்.

"பாராட்டறவங்க அடுத்தவங்க முதுகுலதான் தட்டுவாங்க. தன் முதுகுல தானே தட்டிக்கற ஒரே ஆளு நீங்கதான்" என்றார்.

பொறாமை என்று வாத்தியார் முடிவுகட்டினார்.

அப்புறம் மேலிடத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது. அன்று காலை பீரோ திறந்தது. தலைமை ஆசிரியர் தன் கையாலேயே நான்கு பேருக்கும் கருவி மாட்டிவிட்டார். இடது காதுக்குரியது வலது காதில், இவனுக்கு அளவெடுத்தது அவளுக்கு. அழுத்தியதில் ஒரு பையனுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. சந்தோஷத்தில் அழுகிறான் என்றார் தலைமை ஆசிரியர்.

அதிகாரி அம்மாள் அதிகம் பேசாதவர். மெதுவாக வகுப்புக்குள் வந்தார். இப்போது நான்கு பேருக்கும் எல்லாம் தெளிவாகக் கேட்கிறது என்று தலைமை ஆசிரியர் விவரித்துக்கொண்டிருக்க, அந்த அம்மாள் துடுக்கின் காதிலிருந்த கருவியை மெல்லக் கழற்றி, அதன் சின்ன மூடியைத் திறந்து பார்த்தார். உள்ளே பேட்டரியே இல்லை. மூடியை மூடி, கருவியைத் தலைமை ஆசிரியரின் உள்ளங்கையில் வைத்தார். அப்புறம் தன் கைகளை அசைத்துப் பிள்ளைகளோடு பேச ஆரம்பித்தார்.

அவருடைய அண்ணனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, அந்த வீட்டில் எல்லாருமே கையால்தான் பேசுவார்கள் என்பது பின்னால்தான் தெரியவந்தது. நான்கு பிள்ளைகளும் எழுந்து நின்று ஒரே நேரத்தில் பேசினார்கள். சத்தமே இல்லாமல் அந்த வகுப்பில் அப்படி ஒரு கூச்சல் அதற்கு முன் நடந்ததில்லை. தலைமை ஆசிரியர், பிள்ளைகள் பள்ளியைப் பற்றி என்ன சொல்கிறார்கள் மேடம் என்று இரண்டு முறை கேட்டுப் பார்த்து, பிறகு கேட்காமல் இருப்பதே நல்லது என்று விட்டுவிட்டார்.

கணக்கு யார் எடுக்கிறார் என்று அதிகாரி கேட்டிருக்க வேண்டும். துடுக்கு தன் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

வாத்தியாருக்கு அந்த ஒன்று மட்டும் புரிந்தது. மீசையைத் தடவிக்கொண்டு முன்னால் வந்தார். "நான்தான் மேடம்" என்று தன் முதுகில் தானே ஓங்கித் தட்டிக்கொண்டார். கடைசி பெஞ்சுவரைக்கும் கேட்டது.

அதிகாரி உதட்டைக் கடித்துக்கொண்டார். "அதுக்கு அர்த்தம் தெரியுமா சார்?"

"சபாஷ்னு அர்த்தம் மேடம். பசங்க பிரியமா வெச்சிருக்காங்க."

அதிகாரி துடுக்கின் பக்கம் திரும்பி எதையோ உறுதிப்படுத்திக்கொண்டார். "சபாஷ் இல்ல சார். முதுகு. இங்க வந்ததுலேருந்து உங்ககிட்ட அவங்க பார்த்தது அதைத்தானாம்."

வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருப்பதற்கு ஒவ்வொருவரும் பட்ட பாடு பெஞ்சுகள் ஆடியதில் தெரிந்தது. துடுக்கு அதோடு நிறுத்தவில்லை, இன்னும் எதையோ சொன்னாள். அதை எப்படிச் சொல்வதென்று அதிகாரி தயங்கினார். பரவாயில்லை, சொல்லுங்கள் என்றார் வாத்தியார். குரல் முதல்முறையாகப் பக்கத்து வகுப்புக்குக் கேட்கவில்லை.

"உங்க சட்டையில முதுகுப் பக்கம் தையல் விட்டிருக்காம். ரொம்ப நாளா எப்படிச் சொல்றதுன்னு தெரியாம இருந்தாங்களாம்."

அதிகாரி போன பிறகு தலைமை ஆசிரியர், பள்ளியின் மானமே உங்களால்தான் போயிற்று என்று வாத்தியார் மேல் பாய்ந்தார். பேட்டரி இல்லாத விஷயம் அவருக்கு அதற்குள் மறந்துவிட்டது. வீட்டில் மனைவி முதலில் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு, டிவியைப் பார்த்தபடியேதானே என்னிடமும் பேசுகிறீர்கள், எனக்கு மட்டும் உங்கள் முகமா தெரிகிறது என்று கேட்டார். ஊசியும் நூலும் எடுத்து அவர் கையிலேயே கொடுத்தார்.

வாத்தியார் சில நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தார். பிறகு பொறுக்க முடியாமல் மாடிப்படிக்குக் கீழே போய், அந்தப் பெயரை மாற்றச் சொல்லுங்கள் என்று சைகை டீச்சரிடம் கேட்டார். விண்ணப்பம் போட்டு மாற்றுகிற பெயர் இல்லை சார் இது என்று அவர் சிரித்தார். ஆனாலும் டீச்சர் துடுக்கைக் கூப்பிட்டுச் சைகையில் கேட்டார். அவள் யோசிக்கவேயில்லை. முதலில் சார் திரும்பட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றாள்.

மறுநாள் வாத்தியார் திரும்பினார். கரும்பலகையில் கணக்கை எழுதி முடித்துவிட்டு, சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, வகுப்பைப் பார்த்து நின்று வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது.

மூன்றாவது வரிசையில் இரண்டு பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஜன்னல் ஓரத்தில் ஒருவன் இன்னொருவனுக்கு நகம் வெட்டிவிட்டுக்கொண்டிருந்தான். கடைசி பெஞ்சில் சீட்டாட்டம். ஆட்டம் சூடுபிடித்த நேரம், யாரும் நிமிரவில்லை. வகுப்புத் தலைவன் வேறு பாடத்துக்கு வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தான். அவர் குரல் அவர்களை எதுவும் செய்யவில்லை. பாதிப் பேருக்குத் தாலாட்டாக இருந்திருக்கிறது, அவ்வளவுதான். அந்த அறையில் அவரையே பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அந்த நான்கு பேர் மட்டும்தான். காது கேட்கிற ஒருவன்கூடக் கேட்கவில்லை.

அன்று அவர் கத்தவில்லை. கத்துவதால் பிரயோஜனம் இல்லை என்பது அவருக்குப் புரிந்த முதல் நாள் அது. அடுத்த விடுமுறையில் மீசையைக் குறைத்தார். கண்ணாடியில் தன் மேலுதட்டைப் பார்த்து அவருக்கே கூச்சமாக இருந்தது.

அரையாண்டுத் தேர்வில் துடுக்கு கணக்கில் தேறினாள். வாத்தியாருக்கு உள்ளூரப் பெருமை. அவளுக்கோ திருப்தியில்லை. விடைத்தாளை எடுத்துக்கொண்டு வந்து, ஒரு கணக்கின் நடுவரியில் விரலை வைத்து, இதற்கு ஏன் மதிப்பெண் போடவில்லை என்று நின்றாள். போட முடியாது என்று அவர் தலையாட்டினார். அவள் விரலை எடுக்கவில்லை. அவரும் விடவில்லை. பேனாவை மூடிக்கொண்டே, வாய்க்குள்ளேயே "சனியன்" என்று முணுமுணுத்தார்.

இத்தனை வருஷமும் இப்படி எத்தனையோ முணுமுணுத்திருக்கிறார். எல்லாம் மீசைக்குள்ளேயே அடங்கிவிட்டன. இன்றைக்கு அடங்கவில்லை. அவள் முகம் மாறியது. திரும்பி வகுப்புக்குக் கையால் ஏதோ சொன்னாள். காது கேட்கிற பிள்ளைகளும் இதற்குள் சைகை பழகியிருந்தார்கள். சார் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்று முன் பெஞ்சில் ஒரு பெண் சத்தமாகவே சொன்னாள்.

வாத்தியாருக்கு முகம் சிவந்துவிட்டது. சைகை டீச்சர் வருகிற நாளும் இல்லை அது. எழுந்து, அவள் முகத்துக்கு நேரே நின்று, உதடு தெரிய, சொல் சொல்லாகச் சொன்னார்: "மன்னிச்சுக்கோம்மா."

அவள் புருவத்தைச் சுருக்கி, புரியவில்லை, இன்னொரு முறை என்று கை காட்டினாள். அவர் திரும்பச் சொன்னார். இன்னும் ஒரு முறை என்றாள். மூன்றாவது முறையும் சொல்லிவிட்டு அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டபோதுதான் தலையசைத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போனாள்.

முதல் தடவையே அவளுக்குப் புரிந்துவிட்டது என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் பிறகு எல்லாரிடமும் சொன்னாள்.