மேல் இலையில் மஞ்சள்

1

இந்தக் கதை ஒரு இலையிலிருந்து வந்தது. அதைக் கிள்ளி, எழுதும் தாளுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். உடல் முழுக்க மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. வரைபடத்தில் ஆறுகளை மட்டும் விட்டுவிட்டு ஊர்களையெல்லாம் அழித்ததுபோல இருக்கிறது.

"எழுது, துக்கம் இறங்கும்" என்று தெரிந்தவர்கள் சொன்னார்கள். எழுத உட்கார்ந்தால் துக்கம் வரவில்லை, செடிதான் வருகிறது. கஞ்சாச் செடி. படுக்கையறைத் துணி அலமாரிக்குள், விளக்கு வெளிச்சத்தில் வளர்ந்தது. இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இதை எழுதும்போது எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. துப்புக் கிடைத்தவளுக்கு வரும் படபடப்பு. அதை அடக்கி எழுதிப் பார்த்தேன். கதை செத்துப்போனது.

'நான்' என்று எழுதினால் கை நின்றுவிடுகிறது. 'அல்முட்' என்று பெயர் வைத்தேன், ஓடுகிறது. ஆகவே அல்முட். வயது என்னுடையதுதான். மூக்கை மட்டும் கொஞ்சம் நன்றாக வைத்துக்கொண்டேன்.

2

முதல் தொடக்கம்: "ஃபோல்க்மார் இறந்த அந்தப் பிப்ரவரியில் வூர்ட்ஸ்பூர்க் முழுவதும் பனி மூடி—"

எங்கள் ஊரில் அந்த மாதம் பனியே பெய்யவில்லை. மழைதான்.

இரண்டாம் தொடக்கம்: "அலமாரியைத் திறந்ததும் அவன் சட்டைகளின் வாசனை அவளை—"

இதுவும் பொய். ஈர மண் வாசனைதான் வந்தது.

மூன்றாவது: "மஞ்சளாயிடுச்சு!" என்று வீடு அதிரக் கத்தினாள் அல்முட்.

இது நடந்தது. இதையே வைத்துக்கொள்கிறேன். அதற்கு முன்னால் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிட வேண்டும். ஃபோல்க்மார் அவள் கணவன். முதுகெலும்பில் வலி. வீட்டில் மூன்று செடி வைத்துக்கொள்ளலாம் என்று சட்டம் வந்ததும், அலமாரியில் தன் பாதியைக் காலி செய்து, குளிர்கோட்டுகளைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு, கோட்டுக் கம்பியில் விளக்கைத் தொங்கவிட்டான். இரண்டு சூப்புத் தட்டுகளுக்கு நடுவே ஈரக் காகிதத்தில் மூன்று விதை. இரண்டு முளைக்கவில்லை. முளைத்த ஒன்றுக்கு 'வாடகைக்காரி' என்று பெயர். "வாடகை குடுக்காம அலமாரியில குடியிருக்கா பாரு" என்பான். அவள் நாலைந்து அடுக்கு இலை விடும்வரை பார்த்தான். பிறகு ஆஸ்பத்திரி. அங்கே வைத்து அல்முட்டிடம், "பூ வச்சதும் சொல்லு" என்றான்.

அவ்வளவுதான். ஆகவே அது பூக்க வேண்டும். விளக்கு எரியும் நேரத்தைக் குறைத்தால்தான் அந்தச் செடி பூ எடுக்கும். ஆனால் மஞ்சளாகி நோயில் கிடக்கும் வாடகைக்காரியை எழுப்பிப் பூவைக் கேட்க முடியுமா?

3

ஞாயிற்றுக்கிழமை, காபி நேரம். சமையலறையில் மூன்று பேர். அல்முட், ஃபோல்க்மாரின் தம்பி எக்ஹார்ட், மாடி வீட்டு டோர்ட்டெ. எக்ஹார்டுக்கு ஊர் ஓரத்தில் ஒரு வாடகைத் தோட்டம் உண்டு, அதில் தக்காளி. டோர்ட்டெவிடம் எல்லாவற்றுக்கும் ஒரு கருத்து உண்டு.

"மஞ்சள்னா பசி, அண்ணி. இதுல ஆராய்ச்சி என்ன வேண்டிக்கிடக்கு?"

"நீ இன்னும் அதை எட்டிக்கூடப் பாக்கலியே எக்ஹார்ட்."

"பாக்கணுமா? எத்தனை வருஷமா தக்காளி போடறேன்! கொம்புத் தூள் கொண்டாந்திருக்கேன். ஒரு பிடி போட்டா கரும்பச்சையா எழுந்து நிக்கும்."

"பசியும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றாள் டோர்ட்டெ. "தண்ணி ஜாஸ்தி. இவ எதையும் நனைக்காம விடமாட்டா. இந்தக் கேக்கையே பாரு."

"அதைத் தின்னுட்டேதானே சொல்ற?"

"ஈரமா இருக்கவேதான் இறங்குது."

(எக்ஹார்டை நினைத்தால் எனக்குத் தயக்கமாக இருக்கிறது. இப்படியே விட்டால் கோமாளி ஆகிவிடுவான். அவன் அந்தக் கொம்புத் தூள் மூட்டையைத் தோளில் போட்டு டிராமில் கொண்டுவந்தான். மாட்டுக் கொம்பைச் சீவிய தூள், நாற்றம் சாதாரணமில்லை. பக்கத்தில் யாரும் உட்காரவில்லையாம். அண்ணன் போனபின் அவன் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூடத் தவறவில்லை. இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். அடுத்த பிரதியில் மேலே ஏற்றுகிறேன்.)

மூவரும் அலமாரி முன்னால் போய் நின்றார்கள். டோர்ட்டெ விரலை மண்ணுக்குள் விட்டாள். உலர்ந்திருந்தது. தொட்டியைத் தூக்கிப் பார்த்தாள். லேசாக இருந்தது.

"தண்ணி ஜாஸ்தி இல்ல" என்றாள். அவள் தோல்வியை ஒப்புக்கொண்டு நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

"நான்தான் சொன்னேனே" என்று எக்ஹார்ட் மூட்டைக்குள் கைவிட்டான். அல்முட் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"பொறு. தக்காளிக்குப் பசிச்சா எந்த இலை முதல்ல மஞ்சளாகும்?"

"கீழ் இலை. கிழவங்ககிட்டேருந்து எடுத்து மேல இருக்கற குஞ்சுகளுக்குக் குடுக்கும். அப்படித்தானே உலகம்?"

"அப்ப இதைப் பாரு."

கீழ் இலைகள் பச்சைப்பசேல் என்று இருந்தன. மஞ்சள் முழுவதும் மேலே, புதுத் துளிர்களில்.

எக்ஹார்ட் குனிந்தான். இன்னும் குனிந்தான். கையை மூட்டையிலிருந்து எடுத்துக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"அட" என்றான்.

4

இங்கே கொஞ்சம் நிற்கிறேன். அந்த 'அட'வுக்குப் பிறகு அல்முட்டுக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது. பயத்தில் அல்ல. அந்தப் படபடப்பை மறந்தே போயிருந்தாள்.

செடியின் வயதைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். கீழே இருப்பது பழசு, உச்சியில் இருப்பது புதுசு. தழைச்சத்து ஊர்விட்டு ஊர் போகும். குறைந்தால் கிழ இலையிலிருந்து கிளம்பிக் குஞ்சு இலைக்கு வந்துவிடும். இரும்புச் சத்து அப்படியில்லை, போய்ச் சேர்ந்த இலையிலேயே உட்கார்ந்துவிடும். ஆகவே இரும்பு வரத்து நின்றால் அடி வாங்குவது புது இலை. தொடக்கக்காரர்கள் மஞ்சளை மட்டும் பார்க்கிறார்கள். மஞ்சள் எங்கே என்பதுதான் கேள்வி. (இவ்வளவு தெளிவாக அன்று யாருக்கும் தெரியாது. பிறகு படித்ததை இங்கே நுழைக்கிறேன்.)

அன்று அவளுக்குத் தோன்றியது வேறு: ஃபோல்க்மார் பார்த்த இலைகளெல்லாம் பச்சை. அவன் பார்க்காதவை மஞ்சள்.

இந்த வரியை அடித்தேன், மறுபடி எழுதினேன், மறுபடி அடித்தேன். அழகாக இருக்கிறதே என்ற சந்தேகம். ஆனால் அது அழகுக்காக வந்த வரி இல்லை, துப்பு. பிப்ரவரிக்குப் பிறகு ஏதோ ஒன்று மாறியிருக்கிறது. எது?

5

தொட்டி விளிம்பில் வெள்ளையாக ஒரு வளையம் இருந்தது. மண்மேலும் பொருக்குப் பொருக்காக.

"பூஞ்சை" என்றான் எக்ஹார்ட்.

"கெட்டிலுக்குள்ள இருக்கற மாதிரி இருக்கு" என்றாள் டோர்ட்டெ.

எங்கள் ஊர்த் தண்ணீர் கெட்டிலைக் கல்லாக்கிவிடும். வீட்டுக்கு வீடு ஒரு வினிகர் பாட்டில் அதற்கென்றே இருக்கும். அல்முட் ஓடினாள். உண்மையாகவே ஓடினாள், ஒரு செருப்பு நடையிலேயே கழன்றுவிட்டது. பொருக்கைக் கத்தியால் சுரண்டி ஒரு சாசரில் போட்டு, வினிகரைச் சொட்டினாள்.

சுர்ர்ர்.

"இன்னொரு சொட்டு!"

"தள்ளு, எனக்குத் தெரியல!"

"அண்ணி, பொங்குது! பொங்குது!"

மூன்று தலைகள் ஒரு சாசரின்மேல் முட்டிக்கொண்டன. அல்முட் கைதட்டினாள். கீழ் வீட்டுக்காரர் துடைப்பக் கட்டையால் தன் கூரையை இடித்தார், ஞாயிற்றுக்கிழமை இங்கே சத்தம் கூடாது அல்லவா. "இடிக்கட்டும்" என்றாள் டோர்ட்டெ. ஞாயிற்றுக்கிழமைச் சத்தத்துக்குப் புகார் கொடுப்பதில் அந்தக் கட்டடத்திலேயே முதல் ஆள் அவள்தான்.

"சுண்ணாம்பு!" என்றான் எக்ஹார்ட். "மண்ணு சுண்ணாம்பு பிடிச்சுப்போச்சு. இரும்பு உள்ளேயே இருக்கு, வேரால எடுக்க முடியல. சோறு தட்டுல, வாய் கட்டிக்கிடக்கு." பிறகு நிமிர்ந்தான். "அண்ணன் பால்கனி வாளியில பிடிச்ச மழைத்தண்ணிதானே ஊத்துவான். நீங்க என்ன ஊத்தறீங்க?"

அல்முட் திரும்பினாள். கதவோரம் இருந்த பெட்டியைப் பார்த்தாள்.

ஒரு வியாழன் விட்டு ஒரு வியாழன் பானக் கடைக்காரர் வருவார். குமிழி விடும் ஊற்றுத் தண்ணீர், ஒரு பெட்டி. காலிப் பாட்டில்களை எடுத்துக்கொண்டு நிறைந்ததை வாசலில் வைத்துவிட்டுப் போவார். ஃபோல்க்மாருக்காகச் சொல்லி வைத்தது. அவன் போனதையோ, பெட்டியை நிறுத்தச் சொல்லியோ யாரும் அவரிடம் சொல்லவில்லை. அல்முட் அதைக் குடிக்கமாட்டாள், ஏப்பம் வரும். சாக்கடையில் கொட்ட மனம் வராது. ஆகவே மூடியைத் திறந்துவைத்துக் காற்றுப் போகவிட்டு — வேருக்குக் கூசக்கூடாது என்று — செடிக்கு ஊற்றிவந்தாள். அவன் தண்ணீர், அவன் செடிக்கு.

எக்ஹார்ட் ஒரு பாட்டிலை எடுத்து ஒட்டியிருந்த சீட்டைப் படித்தான். "கால்சியம்... பைகார்பனேட்... அடேயப்பா. அண்ணி, இது தண்ணியில்ல, கரைச்ச சுவரு."

டோர்ட்டெ சிரித்தாள். அல்முட்டும் சிரித்தாள். கண்ணில் நீர் வரச் சிரித்தாள். (கண்ணீர் எந்த இடத்தில் வகை மாறியது என்று எழுதப் பார்த்தேன். எனக்கே தெரியவில்லை.)

"இனிமே மழைத்தண்ணி. ஒரு சொட்டு எலுமிச்சை" என்றான் எக்ஹார்ட், மெதுவாக. "மஞ்சளானது திரும்பாது. புதுசா வர்றதைப் பாருங்க. அப்புறம்... அந்தப் பெட்டிக்காரர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

"நீ எடுத்துட்டுப் போயேன். குடி."

"எனக்கும் ஏப்பம் வரும் அண்ணி. எங்க குடும்பத்துல அவன் ஒருத்தன்தான் தாங்குவான்."

6

முடிவுகள் கையில் இருக்கின்றன.

ஒன்று: அல்முட் பானக் கடைக்குப் பேசிப் பெட்டியை நிறுத்துகிறாள். உச்சியில் பச்சைத் துளிர் வருகிறது. (சரியான முடிவு. அதனாலேயே பிடிக்கவில்லை.)

இரண்டு: பெட்டி வந்துகொண்டே இருக்கிறது. அவள் குடிக்கப் பழகுகிறாள். ஏப்பம் விட்டுவிட்டு, காலி நாற்காலியிடம் மன்னிப்புக் கேட்—

வேண்டாம்.

மூன்று: அவள் கடைசிப் பாட்டிலைத் திறக்காமல் அலமாரிக்குள், செடிக்குப் பக்கத்தில்—

இதுவும் வேண்டாம். அங்கே இடமில்லை, வாடகைக்காரி பெருத்துவிட்டாள்.

நடந்ததை மட்டும் சொல்கிறேன். அடுத்த வியாழன் மணி அடித்தது. கீழிருந்து பெட்டிக்காரரின் குரல்: "ஃபோல்க்மார் சார்! எப்பவும் போலத்தானே?" பாட்டில்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு படியேறின. அல்முட் கதவைத் திறந்தாள். அந்த மனிதர் மூச்சு வாங்கச் சிரித்தார். அவள் வாயைத் திறந்து,

இங்கே உங்களிடம் கொடுத்துவிடுகிறேன். அவள் என்ன சொன்னாள் என்பதை நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள். எதைச் சொன்னாலும் நான் மறுக்கப்போவதில்லை. மேலிருக்கும் புது இலை எந்த நிறம் என்று மட்டும் கேட்காதீர்கள். பூ வைத்ததும் முதலில் சொல்ல வேண்டிய இடம் வேறு.

நான் எழுந்தாக வேண்டும். மழை பிடித்துக்கொண்டது, வாளி இன்னும் உள்ளேயே இருக்கிறது.