இருமல் இல்லாத குழந்தை

...பதினொன்று, பன்னிரண்டு, இன்னும் மூச்சு வரவில்லை, டாக்டர் சனாயே குழந்தையின் உள்ளங்காலை விரலால் சுண்டினாள், பதின்மூன்று, உதட்டோரம் நாவல்பழக் கறை மாதிரி ஒரு நீலம், சுண்டு, இன்னொரு தரம் சுண்டு... ஹ்ஹா என்று அந்த முப்பத்தெட்டு நாள் சிசு காற்றை இழுத்து, ஒன்றுமே நடக்காதது போலக் கொட்டாவி விட்டது. "ஃபுமியே, ஆக்சிஜன் கொண்டா, ஆம்புலன்ஸுக்குச் சொல்லு" என்று நர்ஸை ஏவிய குரல் தன்னுடையதுதானா, இந்தத் துறைமுக ஊரில் இருபத்திரண்டு வருடமாகக் குழந்தைகளைப் பார்க்கிறவளின் குரல் இப்படியா நடுங்கும்? "இருமலே இல்ல டாக்டர், பால் குடிக்கறப்போ மட்டும் மறந்துபோன மாதிரி நின்னுடறான்" என்றுதான் தாய் மிஹோ சொன்னாள், மறந்துபோன மாதிரி, எவ்வளவு சரியான வார்த்தை, இத்தனை சின்ன உயிருக்குக் கக்குவான் இருமல் வந்தால் இருமப் பலம் ஏது, மூச்சு நிற்கும், அவ்வளவுதான், பாடப்புத்தகத்தில் ஒற்றை வரி, அந்த வரி இதோ மேசைமேல் கை காலை உதைத்துக்கொண்டு...

தாயின் கோட்டைப் பிடித்து நின்ற எட்டு வயது அக்கா கொதோனே அப்போதுதான் ஆரம்பித்தாள். இருமல்மேல் இருமல், நடுவில் மூச்சுக்கு இடமில்லை, முகம் சிவந்து, கண் பிதுங்கி, கடைசியில் சேவல் கூவுவது போல ஓர் இழுப்பு, பிறகு மதியம் தின்ற ஆரஞ்சுச் சுளை முழுக்கத் தட்டில். இந்தச் சத்தம்தான், இதைக் கேட்டால் படிக்கிற மாணவன்கூடச் சொல்லிவிடுவான், ஆனால் போன செவ்வாய்க்கிழமை இதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது இவள் இருமவே இல்லையே, மார்பில் சத்தமில்லை, காய்ச்சலில்லை, குழந்தையில் தடுப்பூசி எல்லாம் போட்டாயிற்று என்று அட்டை சொன்னது, அதன் பலம் பள்ளிக்கூட வயதில் தேய்ந்துவிடும் என்று எனக்குத் தெரியாதா, சளி என்று எழுதிப் பாட்டில் மருந்து கொடுத்து அனுப்பினேன்... இருமி முடித்து வாந்தி எடுக்கிறாளா, வீட்டில் கைக்குழந்தை உண்டா, இரண்டே கேள்வி, கேட்கவில்லை, வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள், அது ஒரு காரணமா?

ஐஸ் ஆலையில் வேலை செய்யும் தகப்பன் கோசோ கதவோரம் முகமூடிக்குள் இருமினான். "உங்களுக்கு எத்தனை நாளா இருமல்?" என்றாள் சனாயே.

"எனக்கா? ஒரு மாசமா இருக்கும் டாக்டர். அது சிகரெட் இருமல்."

"சிகரெட்ட விட்டு ரெண்டு வருஷமாச்சு, இருமல விடத்தான் மனசு வரல இவருக்கு" என்றாள் மிஹோ. பெரியவர்களுக்குக் கூவலும் கிடையாது வாந்தியும் கிடையாது, முடியாத இருமல் மட்டும், வீட்டுக்குக் கொண்டுவந்தது இவனாகத்தான் இருக்கும், பாவம், இதை இப்போது சொல்லக்கூடாது... பிள்ளைகளின் மூக்கில் மெல்லிய குச்சியை விட்டுச் சோதனைக்குச் சளி எடுத்தாள், கோசோவுக்கு நாளாகிவிட்டது, ரத்தம்தான் பார்க்கவேண்டும், முடிவு நாளைக்கு வரும், நாளைவரை யார் காத்திருப்பது, வீட்டில் எல்லோருக்கும் இன்றைக்கே மருந்து.

ஆம்புலன்ஸ் வந்தது. சொல்லிவிடவேண்டும், போன வாரமே நான் பிடித்திருக்கவேண்டும் என்று, வாசல்வரை அதை வாயில் வைத்துக்கொண்டே நடந்தாள், ஆனால் மிஹோ வண்டியில் ஏறுமுன் திரும்பி இடுப்பு மடியக் குனிந்தாள். "நல்ல நேரத்துல கண்டுபிடிச்சீங்க டாக்டர், நீங்க இல்லேன்னா..." சனாயேவும் குனிந்தாள், தேவைக்குமேல் தாழ, தேவைக்குமேல் நேரம், நிமிர்ந்தபோது கதவு சாத்தியிருந்தது.

நான்கு மணிக்குப் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து போன். வழியில் இரண்டு தடவை மூச்சு நின்றதாம், இப்போது தானாகவே மூச்சு விடுகிறானாம், ரத்தத்தில் வெள்ளையணு எக்கச்சக்கம், அநேகமாகக் கக்குவான்தான், இரண்டு வாரம் போனால்தான் எதுவும் சொல்லமுடியுமாம். சரி, சரி என்று கேட்டுக்கொண்டாள், போனை வைத்த பிறகும் கை அதன்மேலேயே இருந்தது... இந்த ஊரில் நன்றிக்கும் குனிவார்கள், மன்னிப்புக்கும் குனிவார்கள், மிஹோ அதை மரியாதை என்றே எடுத்துக்கொண்டிருப்பாள், இருக்கட்டும், ஆனால் அப்படித் தலையைத் தாழ்த்தி நின்றபோது எனக்குள்ளே இருந்தது மன்னிப்புத்தானா, அல்லது, போன வாரம் நான் தவறவிட்டது மிஹோவுக்குத் தெரியவில்லை, தப்பித்தோம் என்ற நிம்மதியா?