முதலாளியைக் கேட்காத கால்

செருப்புக்கடைக்காரரை மார்க்கெட்டில் எல்லோரும் 'அளவுக்காரர்' என்றுதான் கூப்பிடுவார்கள். வாடிக்கையாளர் படியேறி வருவதற்குள் காலைப் பார்த்து நம்பர் சொல்லிவிடுவார். அந்த நம்பர் கையிருப்பில் இல்லையென்றால், ஒன்று குறைந்ததை எடுத்து, "ரெண்டு நாள் போட்டா தானா லூசாயிடும்" என்று செருப்பைத் தலையில் கட்டியும் விடுவார். அப்படி வாயால் பிழைத்த மனுஷர், ஆஸ்பத்திரிக் கட்டிலோரம் வாயடைத்துப்போய் உட்கார்ந்திருந்தார். ஸ்கூட்டரிலிருந்து விழுந்த மகளுக்கு முதுகெலும்பு நொறுங்கிவிட்டது. இடுப்புக்குக் கீழே அசைவே இல்லை. கால் மரத்துப்போயிருக்கிறது, சரியாகிவிடும் என்றுதான் அவளிடம் சொல்லிவைத்திருந்தார்கள்.

அன்று காலை அவள் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் சட்டைப்பையிலிருந்து தகட்டை எடுத்தார். குதிகாலை ஷூவுக்குள் நழுவவிடும் வளைந்த தகடு. சின்ன வயதில் அதைக் காட்டினாலே போதும், பாதத்தில் படுமுன்பே சிரித்து உருளுவாள். உள்ளங்காலில் லேசாகக் கீறினார்.

கால் வெடுக்கென்று மடங்கி மேலே போனது!

டாக்டரம்மாவிடம் ஓடினார். "காலை இழுத்துக்கிட்டா டாக்டர்! நடக்கவே மாட்டாள்னு சொன்னீங்களே!"

டாக்டரம்மா அவரை உட்காரவைத்தார். "சூடான பாத்திரத்துல கை பட்டா என்ன பண்ணுவீங்க?"

"வெடுக்குன்னு எடுத்துடுவேன்."

"யோசிச்சா எடுப்பீங்க? சுடுதுன்னு மூளைக்குத் தெரியறதுக்குள்ள, தண்டுவடமே தசைக்கு உத்தரவு போட்டுடும். உடம்பைக் காப்பாத்த அப்படி ஒரு ஏற்பாடு. உங்க பொண்ணுக்கு அது கெட்டுப்போகல. அங்கிருந்து மூளைக்குப் போற வழிதான் அறுந்துபோச்சு."

"முதலாளியைக் கேக்காம சிப்பந்தியே வியாபாரத்த முடிக்கிற மாதிரி."

"அதேதான். முதலாளிக்குச் சேதியே போகாது."

"கொஞ்ச நாள் கழிச்சாவது போகுமில்ல? நூத்துக்குப் பத்து சான்ஸ்?"

டாக்டரம்மா பேசவில்லை. மார்க்கெட்டில் எதிராளி மௌனமானால், விலை படியப்போகிறது என்று அர்த்தம்.

"அஞ்சு? சரி, ஒண்ணாவது போட்டுக் குடுங்கம்மா."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முழுசா அறுந்திருக்குங்க."

பிறந்ததிலிருந்து பேரம் பேசியவருக்கு, இப்படி ஒரே விலைக் கடையில் மாட்டிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

திரும்பி வந்தபோது மகள் விழித்திருந்தாள். "எங்கப்பா போயிட்டீங்க, கடைக்கா?"

"அதெல்லாம் இல்ல. கண்ண மூடிக்கோடா. நான் எப்ப தொடறேன்னு சொல்லு, பார்ப்போம்." மனசு இன்னும் கேட்கவில்லை அவருக்கு. டாக்டர்கள் தப்புச் சொன்னதே இல்லையா என்ன?

"தகடா? ஐயோ, கூசும்!" கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். சிரிப்பு உதட்டோரம் வந்து தயாராக நின்றது.

கீறினார். கால் துள்ளி மடங்கியது. போர்வை கூடாரம்போல எழுந்தது.

"ம், தொடுங்கப்பா."

இன்னும் அழுத்திக் கீறினார்.

"எவ்வளவு நேரம்! உதைச்சிடுவேன்னு பயமா?"

அவர் தகட்டைச் சட்டைப்பைக்குள் போட்டார். என்ன சொல்வது என்று யோசிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது. "அந்தத் தகட்டக் கடையிலயே விட்டுட்டு வந்துட்டேன்டா தங்கம்."

"போங்கப்பா! நல்ல வியாபாரி!" கண்ணைத் திறக்காமலே சிரித்தாள்.

அவள் திறப்பதற்குள், மடங்கி நின்ற காலை இரண்டு கையாலும் பிடித்து, போர்வைக்கு அடியில் மெதுவாக நீட்டிவைத்தார்.